கட்டின் அடியில் நல்ல தண்ணீர்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்தப் பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சாதாரணதரம் வரைதான் படித்தேன். நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கக் கூச்சப்படுகிற ஆள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் நான் வேலை செய்த கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, ஒரு கடிதம் வாங்கப் போயிருந்தேன். புதிதாக வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிள்ளைகள் ஒரு கருவியைக் காட்டினார்கள். குளக்கட்டுக்குள் குழாய் இறக்கி வைத்து, உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு பெட்டியில் பார்க்கிறார்கள். அப்போது ஒரு பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நீங்கள் முந்தி கட்டுத் தண்ணியை நக்கிப் பார்த்தனீங்களாமே, மெய்யோ?"

மெய்தான். ஆனால் அதை வாயால் விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் விடத்தல்தீவு ஆள். எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் தொழில். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எங்களுக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. கோயிலில் பாதர் வாசித்த ஒரு அறிவித்தலைக் கேட்டு, குளங்களைத் திருத்தும் கந்தோரில் அளவுத்தடி பிடிக்கிற வேலைக்கு மனுப் போட்டேன். பயிற்சி இரண்டு கிழமை. தடியை நேராகப் பிடிக்க வேண்டும், ஆடக்கூடாது, பேசக்கூடாது. பேசாமல் நிற்கிற வேலை என்பதால் எனக்கு நன்றாகப் பொருந்தியது.

எனக்குக் குளக்கட்டு என்றால் என்னவென்றே தெரியாது. சீமெந்தும் கல்லும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் வெறும் மண். ஆடு மேய்கிறது, அதன்மேல் சைக்கிள் ஓடுகிறது, அந்தப் பக்கம் ஒரு குளம் தண்ணீர் நிற்கிறது. மண் எப்படித் தண்ணீரை மறிக்கும்? மண்ணில் தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சிவிடுமே? மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் என் மேலதிகாரியிடம் கேட்டேன்.

"மறிக்கிறேல்லை, ஸ்ரெல்லா. மெதுவாக்குது, அவ்வளவுதான்," என்றார். "எல்லாக் கட்டும் ஊறும். எவ்வளவு வேகமாய் ஊறுது, ஊறேக்கை மண்ணையும் கொண்டு போகுதோ, இந்த ரெண்டும்தான் எங்கட வேலை."

அவர் ஹனீபா சேர். எங்கள் பக்கத்துத் தாராபுரத்து ஆள். இடம்பெயர்ந்து இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு நாளைத் தவிர, அவர் யாருக்கும் கட்டளை இட்டு நான் கேட்டதில்லை. கேள்வி மட்டும்தான் கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எவ்வளவு நேரமானாலும் நிற்பார். அதுவே சிலருக்குக் கட்டளையைவிடப் பயமாக இருக்கும்.

ஒரு குளத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. சப்பாத்தைக் கழற்றி ஜீப்பில் வைப்பார். முதலில் கட்டின் மேலால் நடப்பார்: வெடிப்பு, தாழ்ந்த இடம், புற்று, உடும்பு வளை. பிறகு வெளிப்பக்க அடியால் நடப்பார். இங்கேதான் வெறுங்கால் முக்கியம். கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற மண் காலுக்கு ஈரமாகப் படும். புல் ஓரிடத்தில் மட்டும் பச்சையாக நின்றால் அங்கே நின்றுவிடுவார். கடைசியாகத் தண்ணீர்ப் பக்கம். ஈரம் கண்ட இடத்தைச் சுற்றிப் பூவரசம் தடி குத்துவார். மூன்று நாள் கழித்து வரும்போது ஈரம் தடியைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஊறுகிற தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் ஒரு நிம்மதி. கலங்கியிருந்தால் கட்டு உள்ளே கரைகிறது என்று அர்த்தம்.

ருசி பார்க்கிற வழக்கம் என்னால் வந்தது. முதல் மாதத்தில் ஒரு குளத்தடியில் ஈரம் கண்டபோது, அது குளத்து நீரா, நிலத்து ஊற்றா என்று அவருக்கும் அந்த ஊர்த் தலைவருக்கும் பேச்சு நடந்தது. நான் ஒன்றும் யோசிக்காமல் குனிந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"என்ன செய்தனீங்கள்?"

"ருசி பார்த்தனான், சேர். உவர். நிலத்துத் தண்ணி."

"ஏன் ருசி பார்த்தனீங்கள்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "எங்கட பக்கம் கிணறு வெட்டினா, தண்ணி கண்டவுடனை பொம்பிளையளைத்தான் கூப்பிடுறவை, சேர். ஆம்பிளையள் சுருட்டும் வெத்திலையும் போட்டு அவையின்ர நாக்கு செத்துப் போச்சுது."

ஊர்த் தலைவர் வெற்றிலை வாயோடு சிரித்தார். ஹனீபா சேர் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து, கோடு போட்ட கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்து, மேலே 'சுவை' என்று எழுதினார்.

கடற்கரையை அண்டிய மண்ணில் நிலத்து நீர் உவராக இருக்கும். குளத்து நீர் மழை நீர், அது நல்ல தண்ணீர். கட்டுக்குள்ளால் மெதுவாக ஊறி வந்தால் மண்ணில் உள்ள உப்பையும் வாங்கிக்கொண்டு வரும், கொஞ்சம் உவர்க்கும். நேற்று உவர்த்த இடம் இன்று நல்ல தண்ணீராகிவிட்டால், உள்ளே ஒரு வழி திறந்துவிட்டது, தண்ணீர் உப்பு வாங்க நேரமில்லாமல் ஓடி வருகிறது. இதையெல்லாம் சேரும் நானும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பல குளங்களில் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். எனக்கு இரண்டு தடவை வயிற்றாலே போனது. ஜீப் ஓட்டுகிற அன்ரன் அண்ணை காலையில் என்னைக் கண்டதும், "தங்கச்சி, இண்டைக்கு எந்தக் குளத்துச் சொதி?" என்பார்.

அடுத்த தை மாதம் ஒரு தனியார் குளத்துக்குப் போனோம். நறுவிலிக்குளம் என்ற ஊருக்கு அங்கால், கடற்பக்கமாக இருந்தது. சொந்தக்காரர் சிவலிங்கம் அண்ணை. அவருடைய பாட்டன் காலத்திலிருந்து உறுதிக் காணியில், பத்திரம் உள்ள சொந்த நிலத்தில், இருக்கிற குளம். கட்டு ஒன்றரை ஆள் உயரம், இருநூறு காலடி நீளம். வெளிப்பக்கத்தில் ஒரு மூலையில் அவருடைய வயல். மீள்குடியேறிய பிறகு அவர் செய்த முதல் வேளாண்மை அது. கதிர் வெளிவருமுன் தண்டு பருத்து, நெல் பொதி தள்ளி நின்றது. மற்ற மூலைக்கு நேர் கீழே, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த ஒன்பது குடும்பங்கள் தகரக் கொட்டில் போட்டிருந்தன. அந்தக் கொட்டில்களுக்காகத்தான் நாங்கள் போனோம். அரசாங்கக் குளம் என்றால் சேர் தானே முடிவெடுக்கலாம். இங்கே சொந்தக்காரர் சம்மதிக்காமல் ஒரு கூடை மண்கூட எடுக்க முடியாது.

"பார்க்க என்ன கிடக்கு?" என்றார் சிவலிங்கம் அண்ணை. "எங்கட குளம் ஒரு காலமும் உடைஞ்சதில்லை."

"அதுதான் பார்க்க ஆசையாய்க் கிடக்கு. நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ. நாங்கள் பின்னாலை வாறம்," என்று சேர் சப்பாத்தைக் கழற்றினார்.

அது திங்கட்கிழமை. கொட்டில்களுக்கு மேலே, கட்டின் அடியில், ஒரு பாய் விரித்த அளவுக்கு ஈரம். சேர் தடி குத்தினார். போத்தல் நீர் தெளிவாக இருந்தது. அவர் திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறவர், தண்ணீரை வாயில் வைக்க மாட்டார். நான்தான் பார்த்தேன். நல்ல உவர். "வியாழக்கிழமை வாறம்," என்று சொல்லிவிட்டு வந்தோம்.

புதன் பின்னேரம் மழை பெய்தது. வியாழக்கிழமை போனபோது ஈரம் தடிகளை ஒரு சாண் தாண்டியிருந்தது. மழை நீரா, கட்டு நீரா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. போத்தல் தெளிவாகவே இருந்தது. ஆக, என் நாக்குத்தான் மிச்சம்.

அதற்குச் சற்று முன்தான் சிவலிங்கம் அண்ணையின் மனைவி பூமணி அக்கா எனக்கும் அன்ரன் அண்ணைக்கும் தேத்தண்ணீர் தந்திருந்தார். சீனியும் பாலும் போடாத வெறும் சாயம், கூடக் கடிக்கப் பனங்கட்டி, பனை வெல்லம்தான். "சேருக்குத்தான் ஒண்டும் குடுக்க ஏலாமல் கிடக்கு," என்று கவலைப்பட்டார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு கூடுதலாகக் கடதாசியில் சுற்றிக் கையில் வைத்தார். பனங்கட்டி நாக்கில் கரைந்து முடிவதற்குள் சேர் கூப்பிட்டார். ஓடிப்போய் விரலால் தொட்டு வைத்தேன். உவர்த் தண்ணீரில் வருவது போல ஒரு கைப்பு, ஒரு கசர்ப்பு இருந்தது.

"உவர்தான், சேர்."

அவர் கொப்பியில் 'உவர்' என்று எழுதினார். சிவலிங்கம் அண்ணையின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னனான்தானே?" என்றார். நாங்கள் புறப்பட்டோம்.

பிரதான வீதிக்கு ஏறுகிற இடத்தில் நான் கடதாசியை அவிழ்த்து ஒரு துண்டு பனங்கட்டியை வாயில் போட்டேன். தாகமாக இருந்தது. போத்தலை எடுத்துக் குடித்தேன். ஒரு கைப்பு. ஒரு கசர்ப்பு.

"அன்ரன் அண்ணை, இந்தத் தண்ணி எங்க பிடிச்சது?"

"கந்தோர்க் குழாயிலைதான். ஏன்?"

காலையிலிருந்து அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டு வந்தேன். அது உவர்க்கவே இல்லை. இன்னொரு மிடறு குடித்தேன். இப்போது கைப்புக் குறைந்திருந்தது. மூன்றாம் மிடறில் அது போய்விட்டது.

பனங்கட்டி தின்ற நாக்குக்கு நல்ல தண்ணீர் கசர்க்கிறது. அப்படியானால் கட்டடியில் நான் தொட்டது? சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். சொன்னால் என் பிழை. சொன்னால் குளத்துத் தண்ணீரை இறக்க வேண்டி வரும், அந்த மனிதரின் முதல் வேளாண்மை போகும். ஜீப் ஒரு பாலத்தைத் தாண்டியதும் முன் சீட்டைத் தட்டினேன்.

"சேர், நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்."

அவர் பின்னால் திரும்பினார். நான் பனங்கட்டியையும் போத்தலையும் காட்டி, தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"திருப்பிச் செய்யுங்கோ பார்ப்பம்," என்றார்.

வாயைக் கொப்பளித்து ஒரு மிடறு குடித்தேன்: நல்ல தண்ணீர். பனங்கட்டி கடித்துவிட்டுக் குடித்தேன்: கசர்ப்பு. அன்ரன் அண்ணை ஜீப்பை ஓரம் கட்டி, "எனக்கும் ஒரு துண்டு தாங்கோ. விஞ்ஞானம் எல்லாருக்கும் பொதுவானதுதானே," என்று வாங்கித் தின்று குடித்துவிட்டு, கண்ணை அகல விரித்தார். "ஓம் சேர்! வேப்பிலைத் தண்ணி மாதிரிக் கிடக்கு!"

"திருப்பும் ஜீப்பை," என்றார் சேர்.

நாங்கள் திரும்பிப் போய் இறங்கியபோது சிவலிங்கம் அண்ணை வயலில் நின்றார். "என்ன, சாமான் ஏதும் விட்டிட்டுப் போட்டீங்களோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் மூன்று தரம் வாய் கொப்பளித்தேன். தொட்டு வைத்தேன். உப்பே இல்லை. மழைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

சேர் சிவலிங்கம் அண்ணையிடம், "நீங்கள் பாருங்கோ," என்றார்.

"நானோ?"

"உங்கட குளத்துத் தண்ணி. உங்களைவிட ஆருக்குத் தெரியும்?"

அவர் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே நின்றார். சேர் அந்த இடத்திலேயே போத்தலைப் பிடித்து வெயிலுக்குத் தூக்கினார். காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"ஏன் இந்த இடத்திலை?" என்று சேர் கேட்டார். "கட்டு முழுக்க நல்ல கட்டு. இந்த இடத்திலை மட்டும் ஏன்?"

கேட்டுவிட்டு நின்றார். வயலில் கொக்குகள் எழும்பிப் பறந்து மறுபடி இறங்கின. பூமணி அக்காதான் பொறுக்க முடியாமல் சொன்னார்: "சொல்லுங்கோவன். பங்கர் இருந்தது எண்டு சொல்லுங்கோவன்."

"நீ வாயை மூடு."

"கீழை ஒன்பது வீடு கிடக்கு. நான் என்னெண்டு மூடுறது?"

ஷெல் அடித்த காலத்தில் அவர்கள் குடும்பம் பதுங்கியிருக்க, அவர் தன் குளக்கட்டுக்குள்ளேயே பங்கர் வெட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் உயர்ந்த மண் கண்ட இடமெல்லாம் சனம் அப்படித்தான் வெட்டியது. திரும்பி வந்ததும் வாயை மட்டும் மண் போட்டு அடைத்து, புல்லும் நட்டுவிட்டார். பங்கர் என்று வெளியே தெரிந்தால், மிதிவெடி பார்க்கிறவர்கள் வந்து நாடா கட்டிவிடுவார்கள், எத்தனை மாதம் உள்ளே கால் வைக்க முடியாதோ என்ற பயம். பயத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்துக் காணிகள் சில அப்படியே கிடந்தன.

"உள்ளுக்குப் பனங்குத்தி வைச்சனீங்களோ?"

"ஓம். கூரைக்கு."

"எடுத்தனீங்களோ?"

"இல்லை, சேர். எடுத்தா மேலை கட்டு தாழ்ந்திடும் எண்டு விட்டிட்டன்."

குத்தி உக்கி உளுத்து உள்ளே பொந்தாகிவிட்டது. இப்போது குளத்துக்கும் அந்தப் பொந்துக்கும் இடையே எவ்வளவு மண் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. சேர் அதை அவரிடம் அப்படியே சொன்னார். பிறகு சொன்னார்: "வானை வெட்டித் தண்ணியை இறக்கவேணும். இது உங்கட உறுதிக் குளம். நான் வெட்ட ஏலாது. நீங்கள்தான்."

வான் என்பது குளம் நிரம்பினால் மேலதிக நீர் வழிந்து ஓடுகிற இடம். அதை வெட்டினால் தண்ணீர் வாய்க்காலால் கடலுக்குப் போய்விடும். தை மாதத்துக்குப் பிறகு குளம் நிரம்ப மழை வராது. பொதி தள்ளிய நெல் கதிராகாது.

"இன்னும் மூண்டு கிழமைத் தண்ணி போதும் எனக்கு," என்றார் சிவலிங்கம் அண்ணை. "களியைக் குழைச்சு அந்த ஓட்டையை அடைச்சுப்போட்டு..."

"அடைச்சா அது வேற இடம் தேடும். தண்ணியை வர விடவேணும். மண்ணைத்தான் பிடிச்சு வைக்கவேணும்."

சேர் என்னைப் பார்த்தார். "ஸ்ரெல்லா, கொட்டிலுகளுக்குப் போய்ச் சொல்லுவீங்களோ? எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்."

அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு 'ஏலாது' என்று சொல்ல ஆசை. போனேன். ஒன்பது வாசலிலும் போய்ச் சொல்லத் தைரியமில்லாமல் நடுவில் நின்றேன். ராணி அக்கா என்று ஒருவர், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். முகாமில் இருபது வருடம் இருந்து இந்தியப் பேச்சாகிவிட்டவர்.

"அக்கா, கட்டு ஊறுது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வரட்டாம்."

"என்னம்மா சொல்ற? வந்து எட்டு மாசம் ஆகல. மறுபடியும் மூட்டை கட்டவா?" என்றார். உடனே உள்ளே திரும்பி, நான் சொன்னதைப்போல் பத்து மடங்கு சத்தத்தில், "எல்லாரும் எழுந்திருங்க! சட்டியை விடு, காட்டை எடு!" என்று கூப்பிட்டார். காட் என்றால் நிவாரண அட்டை. ஓடிப் பழகிய சனம். நான் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடிப்பதற்குள் எல்லோரும் வீதியில் நின்றார்கள்.

நான் திரும்பி வந்தபோது வானில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சிவலிங்கம் அண்ணைதான் வெட்டிக்கொண்டிருந்தார். யாரையும் கிட்ட விடவில்லை. சேர் பக்கத்தில் நின்று, "ஒரு சாண் போதும். நில்லுங்கோ. இனி ஒரு சாண்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டளை மாதிரி அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். ஒரேயடியாக இறக்கினால் உள்பக்கக் கட்டு ஈரப் பாரத்தில் சரிந்துவிடும். அன்ரன் அண்ணையும், ராணி அக்கா வீட்டு ஆம்பிளைகளும், நானும் ஊறுகிற இடத்தில் முதலில் மணலும் அதற்கு மேல் சரளையும் கொட்டினோம். மணல் மூட்டைக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. காவலரண் இருந்த இடங்களிலெல்லாம் கிடந்தன. சரளைக்குள்ளால் வந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அதை எத்தனை தடவை குனிந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

பொழுது சாய்ந்தபோது குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பூமணி அக்கா ஒரு கோப்பை தண்ணீரும் பனங்கட்டியும் கொண்டுவந்து, "இப்ப குடிக்கலாம்தானே, சேர்?" என்று கேட்டார். அவர் நோன்பு திறந்துகொண்டிருந்தபோதுதான் கட்டின் மேல்பக்கம் சத்தமே இல்லாமல் தாழ்ந்தது. ஒரு கிணற்று வாய் அளவுக்கு மண் உள்ளே இறங்கிவிட்டது. அதன் ஆழத்தில் கறுப்பாகக் குத்திகளின் நுனி தெரிந்தது. நீர்ப் பக்கம் ஒரு முழம் மண்தான் மிச்சம் நின்றது. குளம் நிறைந்திருந்தால் அது நின்றிருக்காது.

சிவலிங்கம் அண்ணை அந்தக் குழியைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உன்ர நாக்கு என்ர வயலைத் திண்டிட்டுது."

நான் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

"முதல் தரம் உவர் எண்டு சொன்னனி. பேசாமல் போயிருக்கலாம். ஏன் திரும்பி வந்தனி?"

"நல்ல தண்ணி எண்டு தெரிஞ்சுபோச்சு, அண்ணை," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மண்வெட்டியைக் கழுவப் போனார்.

அன்று இரவு ஜீப்பில் வைத்து, கொப்பியில் முதலில் எழுதிய 'உவர்' என்ற சொல்லை வெட்டிவிடும்படி சேரிடம் கேட்டேன். அவர் வெட்டவில்லை. பக்கத்தில், 'பனங்கட்டி தின்ற பின்' என்று எழுதினார். கீழே அடுத்த வரியில், 'வாய் கொப்பளித்த பின், நல்ல தண்ணீர்' என்று எழுதி, நேரமும் குறித்தார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் மிதிவெடி பார்க்கிறவர்கள் வந்து கட்டைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். ஒன்பது குடும்பங்களும் பள்ளிக்கூடத்திலிருந்து கொட்டில்களுக்குத் திரும்பின. சிவலிங்கம் அண்ணை ஆட்களைப் பிடித்து, குளத்தில் மிச்சமிருந்த தண்ணீரை நாடாவுக்கு இப்பால் நின்று வாளியால் இறைத்து, வயலில் இரண்டு துண்டுக்கு மட்டும் பாய்ச்சினார். மற்றது காய்ந்தது.